பச்சை குதிக்க மறுத்த ஆட்டம்

முதலில் போனது என் கணவரின் வலது கைக் கட்டைவிரல். போனது என்றால் வெட்டுப்பட்டுப் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அவருக்கு ரெட்டியார்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். நாற்பது கிலோ மோட்டாரை ஒற்றை ஆளாக மேசைமேல் தூக்கி வைக்கும் மனிதர். ஒருநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "செல்வி, கம்பி கையில நிக்கவே மாட்டேங்குது. நழுவிக்கினே போவுது."

"கண்ணாடியை மாத்துங்க" என்றேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

கண்ணாடி மாற்றினோம். பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு டீ தம்ளர் விழுந்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒருவர், சர்க்கரை என்று ஒருவர். ஏழு மாதம் கழித்து நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் இ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசி ஏற்றி, அங்கே மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னார். ஊசி ஏறும்போதெல்லாம் கருவியில் படபடவென்று சத்தம் கேட்டது. இவர் அதை உற்றுக் கேட்டுவிட்டு, "காயில் ஷார்ட் ஆனா இப்படித்தான் கத்தும்" என்றார்.

நோயின் பெயர் எம்.என்.டி. (மூளையின் உத்தரவைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய்). எத்தனை சதவீதம் குணமாகும் என்று நான் கேட்டேன். மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர், பொறுமையான பெண். "இதுல அந்த மாதிரி கணக்கு இல்ல மேடம். மெதுவாக்கப் பாப்போம், அவ்வளவுதான்" என்றார்.

இவர் கேட்டது வேறு. "அறிவு தெளிவா இருக்குமா டாக்டர்?"

"பெரும்பாலும் தெளிவா இருக்கும் சார்."

"அப்ப எல்லாத்தையும் தெரிஞ்சிக்கினே இருக்கணும்" என்றார்.

இதே நோயை வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஒரு ஆளைத் தூக்குவது. அதையும் நான் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு கால்கள் போகத் தொடங்கின. கடையைப் பூட்டினோம். பேச்சு குழறியது, எனக்கும் மகள் தீபாவுக்கும் மட்டும் புரியும். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. நான் பிடித்துக்கொண்டால் நிற்பார், நான்கு எட்டு வைப்பார்.

ஒரு காலையில் குளியலறையில் அவருடைய முழங்கால் மடங்கியது. அவர் எண்பத்திரண்டு கிலோ, நான் நாற்பத்தெட்டு. தாங்கிவிடலாம் என்று குறுக்கே போனேன். இருவரும் சேர்ந்து விழுந்தோம். என் இடது மணிக்கட்டு உடைந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, என்மேல்தான் விழுந்திருந்தார். என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பவும் முடியாமல் "அய்யோ செல்வி, அய்யோ செல்வி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது.

மாவுக்கட்டு பிரிக்கும்வரை தீபா சென்னையிலிருந்து வந்து இருந்தாள். ஒரு ஆளையும் வைத்தோம். அந்த ஆள் அக்குளில் கைகொடுத்து இழுத்ததில் இவருடைய தோள்பட்டை வீங்கிப்போனது. கட்டு பிரித்த பிறகு நான் கிட்டே போனேன். "தொடாத" என்றார்.

அன்றிலிருந்து அவரை அசைக்க முடியவில்லை. பிசியோதெரபி அம்மா வந்து முறையைச் சொல்லிக் கொடுத்தார். இடுப்பில் அகலமான பெல்ட் போடுங்கள், உங்கள் முழங்காலை அவர் முழங்காலோடு ஒட்டிவையுங்கள், அவர் மூக்கு அவர் கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயச் சொல்லுங்கள், பிறகு தூக்குங்கள். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். பெல்ட்டில் நான் கை வைத்ததும் அவர் பின்னால் சாய்ந்து விறைத்துக்கொள்வார். சிமெண்டு போட்டுப் பூசியது போல இருக்கும். "கால்ல இன்னும் பலம் இருக்கு மேடம், சார்தான் ஒத்துழைக்கல" என்றார் அந்த அம்மா. முதுகின் அடியில் தோல் சிவந்தது. புண் வந்துவிட்டால் அதிலிருந்து காய்ச்சல், நுரையீரலில் சளி, பிறகு பேச ஒன்றும் இருக்காது என்றும் சொன்னார்.

இவர் வேறு முடிவு எடுத்திருந்தார். காலாப்பட்டு போகும் வழியில் ஒரு ஹோம். தீபாவிடம் சொல்லி விசாரிக்க வைத்திருக்கிறார். மாதம் பிறந்தால் இடம் இருக்கிறதாம். எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

"அங்க நாலு ஆம்பள ஆளு இருக்கான், தூக்கிப் போடுவான். உனக்கு இன்னொரு கை இருக்குது, அதையும் உடைக்கணுமா?"

"என் கை, நான் பாத்துக்கிறேன்."

"நான் மூட்டை ஆயிட்டேன் செல்வி."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கன்னம் சூடாகிறது. முப்பத்தொரு வருடம் ஒரே கூரைக்கு அடியில் சண்டை போட்டவரை, வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதா? வீட்டைவிட்டு அனுப்ப நான் தயாராக இல்லை. ஆனால் தூக்க விடாதவரை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. மாதம் பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இந்த இடத்தில் கேசட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவருடைய சித்தப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஓய்வு பெற்ற பிறகும் அவர் பிரான்சிலேயே இருந்தார். டிவியில் வரும் தொழில்முறை மல்யுத்தத்தை வீடியோ கேசட்டில் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். மொத்தம் முப்பத்துநான்கு கேசட். அந்த நாட்டு டேப் நம் ஊர் வீடியோ டெக்கில் ஓடும், ஆனால் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். இது தெரிந்ததும் சித்தப்பா ஒவ்வொரு பெட்டியின் மேலும் நிறத்தை எழுதி அனுப்ப ஆரம்பித்தார். 'தடியன் பச்சை ஜட்டி. குள்ளன் சிவப்பு ஜட்டி.' எங்கள் வீட்டில் மல்யுத்த வீரர்களுக்கு வேறு பெயரே கிடையாது. சாம்பல் நிறத்தில் இரண்டு பேர் உருண்டுகொண்டிருப்பார்கள், இவர் "பச்சை மாட்டினான்" என்பார்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டில் விமர்சனம் எழுதிப் பத்துக்கு மார்க் போடுவதும் உண்டு. கல்யாணமான புதிதில் அந்த நோட்டைப் பார்த்து, என் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைக்கூட நான் இவ்வளவு கவனமாகத் திருத்துவதில்லை என்று கேலி செய்தேன். கட்டிப் பிடித்து நடிக்கிறவர்களுக்கு மார்க் ஒரு கேடா என்றும் கேட்டேன். அதன்பிறகு நான் கூடத்துக்கு வந்தால் டெக்கை அணைத்துவிடுவார். டெக் மட்டும் சாகாமல் இருந்தது. ரப்பர் பெல்ட் மாற்றி, மோட்டார் கட்டி, அவரே ஓட்டிக்கொண்டிருந்தார்.

கை போன பிறகு கேசட் போட ஆள் இல்லை. ஹோமுக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். சாகப்போகிறவரைப் போல அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில்தான் இருந்தேன். கேசட்டில் பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சையை அவர் சொல்லச் சொல்லத் துடைத்து உள்ளே தள்ளினேன். அவர் சொல்வதை நோட்டில் எழுதும் வேலையும் எனக்கே வந்தது.

நான்காம் நாள் பகல் பதினோரு மணி இருக்கும். தடியன் பச்சை, குள்ளன் சிவப்பு. நோட்டைப் புரட்டிப் பழைய விமர்சனத்தைப் படித்தேன். இருபத்துமூன்று வயதில் எழுதியது. 'சிவப்புக்குப் பலம் போதவில்லை. பச்சையை முதல் தடவை தூக்க முடியாமல் திணறுகிறான். அதன் பிறகு எப்படியோ தூக்கிப் போட்டான். மார்க் மூன்று.'

ஆட்டம் ஓடியது. சிவப்பு குனிந்து பச்சையின் இடுப்பைக் கட்டினான். தூக்கப் பார்த்தான். பச்சை அசையவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது.

"நிறுத்து" என்றார் இவர். "கொஞ்சம் பின்னால போ. பச்சையோட குதிகால பாரு."

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் அழுந்தியிருந்தன. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காருவது போல நின்றான்.

"இப்ப ரெண்டாவது வாட்டி பாரு."

இரண்டாவது முறை சிவப்பு இழுப்பதற்கு முன்பே பச்சையின் குதிகால்கள் எழும்பின. கண்ணை இமைத்தால் தவறிவிடும். அந்தத் தடியன் குதித்தான். அதன் பிறகுதான் சிவப்பின் முதுகு நிமிர்ந்தது. நம்பாமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

"அப்ப இவன் தூக்கவே இல்லையா?"

"ரெண்டு பேரும் சேந்துதான் தூக்கறது. அந்த சைஸை எவனும் தனியா தூக்க முடியாது. நான் அப்ப சின்னப் பையன், தெரியல. சிவப்புக்கு மூணு மார்க் போட்டது தப்பு."

"அப்ப முதல் வாட்டி ஏன் முடியல?"

"பச்சை வேணும்னே மூட்டையாயிட்டான். தோக்கறதுக்கு வெக்கப்பட்டுக்கினு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். டிவியில் கோடு கோடாகப் படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"நீங்களும் அதைத்தான பண்றீங்க?" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நீர் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை, நான் துடைக்கவில்லை. அந்த அளவுக்குக் கோபமாக இருந்தேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது. அடுத்தவர் முகத்தில் வழிவதைத் துடைத்துவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம்.

"ஓட்டு" என்றார் கடைசியில். இரண்டு முயற்சிக்கும் நடுவில் சிவப்பு பச்சையின் காதருகே முகத்தைக் கொண்டுபோகிறான். உதடு அசைகிறது. அதை நாங்கள் இருவரும் அதற்கு முன் கவனித்ததில்லை.

"இன்னா சொல்லியிருப்பான்?" என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? அவன் பிரெஞ்சுல சொன்னான்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முதுகைத் தடவி நிறுத்த வேண்டியிருந்தது. சிவப்புக்கு ஏழு மார்க் போடச் சொன்னார். மறுமதிப்பீட்டில் நான்கு மார்க் கூடினால் முதலில் திருத்தியவர்மேல் விசாரணை வரும் என்றேன். பச்சைக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதை அப்புறம் போடு" என்றார்.

மறுநாள் காலை குளிக்க வைக்கும் நேரத்தில் பெல்ட்டைப் போட்டேன். அவர் தோள் இறுகுவது தெரிந்தது. குனிந்து அவர் காதில் சொன்னேன்: "நீங்க போயிட்டா வீடு சுத்தமா, அமைதியா இருக்கும். அந்தச் சுத்தம் எனக்கு வேணாம். எனக்கு நீங்க வேணும். குதிங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூக்கு கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்தார். நெற்றி என் தோளில் பட்டது. "நான்தான் எண்ணுவேன்" என்றார். நடுவர் தரையைத் தட்டி எண்ணுவது போலப் பிரெஞ்சில் எண்ணினார். "அன். தெ. த்ருவா."

எழுந்துவிட்டார். எண்பத்திரண்டு கிலோ எங்கே போனதென்று தெரியவில்லை. அரைச் சுற்று திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அன்று மாலை தீபாவுக்குப் போன் போடச் சொல்லி, "ஹோமு வேணாம்னு சொல்லிடு" என்றார். போனில் அவளுக்குப் புரியாமல் நான் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஒன்றே முக்கால் வருடம் வீட்டில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். முதுகின் சிவப்பு ஆறியது, புண் வரவேயில்லை. உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: எண்ணும் வேலையை அவரிடம் விடுங்கள். எப்போது தூக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்தால் அவர் சுமையாகிறார். அவர் முடிவு செய்தால் நாம் இருவர்.

நோய் நிற்கவில்லை. கால்களில் இருந்த கொஞ்ச பலமும் கரைந்தது. விழுங்க முடியாமல் பெக் குழாய் (வயிற்றில் சிறு துளையிட்டு நேராக உணவு செலுத்தும் குழாய்) வைத்தார்கள். பைபாப் (முகமூடி வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் கருவி) வந்தது. தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தோடு இணைக்க வேண்டாம் என்று, பேச்சு இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட்டார். பேச்சும் போனது. கண் சிமிட்டி எண்ணினார். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் நான் குரல் கொடுத்தேன். கேசட்டுகளுக்கு மார்க்கும் அப்படித்தான். ஒன்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டே போவேன், சரியான எண்ணில் சிமிட்டுவார். என் உச்சரிப்பு மோசம் என்பதையும் கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

கடைசியாக ஆஸ்பத்திரி போனபோது மருத்துவர் கால்களைச் சோதித்தார். "தொடையில இனிமே ஒண்ணும் இல்ல மேடம். முழு எடையும் நீங்கதான் தூக்கறீங்க. உங்க முதுகையும் பாத்துக்கங்க" என்றார்.

"இல்ல டாக்டர். மூணு சொல்றப்ப கொஞ்சம் லேசாவறாரு" என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார் இளைச்சிட்டாரு. உங்க உடம்பும் பழகிடுச்சு. அதனால அப்படித் தோணும்" என்றார் மெதுவாக. படித்தவர் சொல்கிறார், நான் தலையாட்டினேன். இவர் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, முகமூடி மாட்டியபடியே மூச்சு நின்றது. சளிக் காய்ச்சல் நான்கு நாளாக இருந்தது. தீபா பக்கத்தில் இருந்தாள். மருத்துவர் போனில் சொன்னபடி காத்திருந்து, கருவியை நானே அணைத்தேன். அதன் சத்தம் நின்றதும் தெருச் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது.

ஆட்கள் வருவதற்குள் அவரை எப்போதும் போல நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். "அம்மா, யாராவது வரட்டும்மா" என்றாள் தீபா.

"தினமும் நான்தான்டி தூக்கறேன். ஐம்பது கிலோகூட இல்ல உங்கப்பா."

அவளை முதுகைத் தாங்கச் சொல்லிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தேன். பெல்ட்டைப் போட்டேன். முழங்காலோடு முழங்காலை ஒட்டினேன். நெற்றி என் தோளில் வந்து படிந்தது. எண்ணினேன். மூன்றில் இழுத்தேன்.

எழவில்லை. கால் மாற்றி நின்று மறுபடி எண்ணினேன். எழவில்லை. முந்தின நாள் மாலை அதே கட்டிலிலிருந்து, அதே பெல்ட்டில் தூக்கிய அதே உடம்பு. அப்படியே அவரைக் கட்டிக்கொண்டு நின்றேன். தீபா என் கைகளைப் பிரித்து எடுத்தாள். பிறகு எதிர்வீட்டு அண்ணனும் அவர் மகனும் வந்துதான் தூக்கினார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. மறுபடி பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். என் நாள் இன்னும் இரண்டு மணி நேரத் துண்டுகளாகத்தான் இருக்கிறது. வகுப்பு நடுவில் திடீரென்று எழுந்து நிற்கிறேன், பிள்ளைகள் என்னவோ என்று பார்க்கிறார்கள். முதுகு வலி விட்டுவிட்டது. தோளில் நெற்றி படும் இடம் மட்டும் சட்டென்று சில்லிட்டுப் போகும். ஒன்றே முக்கால் வருடம் அவரை ஒற்றை ஆளாகத் தூக்கினேன் என்று தெருவில் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை. தனியாக நான் தூக்கப் பார்த்தது அந்த வியாழக்கிழமை மட்டும்தான். என்னால் முடியவில்லை.